பீலிக்கரையில் சொல்லிக்கொடுத்த சொல்

பெய்ரூட், லெபனான்,
2022 ஆகஸ்ட் 7

அன்புள்ள அப்பாவுக்கும் அம்மாவுக்கும்,

நான் நல்ல சுகம். நீங்களும் சுகமாக இருக்க நம்ம தோட்டத்து மாரியம்மனை வேண்டுகிறேன்.

போனில் பேசலாம்தானே, எதற்குக் கடிதம் என்று அம்மா கேட்பீர்கள். தம்பியின் பேச்சை எடுத்தாலே அப்பா போனை உங்கள் கையில் கொடுத்துவிடுகிறார். அதனால்தான் எழுதுகிறேன். அப்பா, ஆறுதலாக வாசியுங்கள்.

கொழும்பில் ஜனாதிபதி கோட்டாபயவைப் போகச் சொல்லிப் போராட்டம் நடந்த காலிமுகத்திடலுக்குப் போனதற்காக அவனோடு நீங்கள் பேசுவதில்லை என்று கேள்விப்பட்டேன். "எங்கே கலவரம் தொடங்கினாலும் கடைசியில் தீ நம்ம லயத்து வீடுகளுக்குத்தான் வரும்" என்றீர்களாம். ஜூலை 22 விடியற்காலையில் ஆமி போய்க் கூடாரங்களைப் பிய்த்தெறிந்து ஆட்களை அடித்ததும், "பார்த்தியா" என்று மட்டும் சொன்னீர்களாம். உங்கள் பயத்தில் நியாயம் இருக்கிறது. ஆனாலும் இங்கே இந்த ஐந்து வருஷத்தில் நான் கண்டதை உங்களுக்குச் சொல்ல வேண்டும்.

நான் வேலை செய்யும் வீடு ஐன் அல் ரம்மானே என்ற இடத்தில். கிறிஸ்தவ ஆட்கள் இருக்கும் பகுதி. பழைய சைதா ரோட்டைக் கடந்தால் ஷியாஹ், அங்கே முஸ்லிம் ஆட்கள். 1975 ஏப்ரல் 13ஆம் திகதி ஒரு பஸ்ஸை மறித்துச் சுட்டதில்தான் இந்த நாட்டுச் சண்டை தொடங்கியது. அந்த இடம் எங்கள் வீட்டிலிருந்து நடக்கிற தூரம். 15 வருஷம் நடந்த சண்டை அது. செத்தவர்கள் ஒரு லட்சத்துக்கும் மேலே. காணாமல் போனவர்கள் மட்டும் 17,000 பேர் என்பார்கள். மேடத்தின் அண்ணனும் அதில் ஒருவர். சுவரில் அவர் படம் இருக்கிறது, மாலை போடாமல்.

வந்த புதிதில் நான் அரபு பழகியது குசினியில்தான். ஒருநாள் தக்காளி நறுக்கும்போது அதைப் 'பந்தோரா' என்றேன். மேடம் கையிலிருந்த கத்தியைக் கீழே வைத்துவிட்டு, "பனதூரா, பனதூரா என்று சொல்லு" என்று நாலைந்து தடவை சொல்ல வைத்தார். சண்டைக் காலத்தில் ரோட்டை மறித்து நின்றவர்கள் ஒரு தக்காளியைக் காட்டி, இது என்ன என்று கேட்பார்களாம். பனதூரா என்றால் லெபனான்காரன், போகலாம். பந்தோரா என்றால் பலஸ்தீனன். அவன் வீடு திரும்ப மாட்டான்.

அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை அப்பா. சின்ன வயதில் பீலிக்கரையில் தண்ணீர் பிடிக்கும்போது என்னை நிறுத்தி வைத்து, வாளிக்குச் சிங்களத்தில் 'பால்டிய' என்று சொல்லச் சொல்வீர்களே. "வா இல்ல, பா. உதட்டை அழுத்திச் சொல்லு" என்பீர்கள். விளையாட்டு என்று நினைத்துச் சிரித்துச் சிரித்துச் சொல்வேன். 1983 வன்செயலில் தமிழனைக் கண்டுபிடிக்க அந்தச் சொல்லைத்தான் கேட்டார்கள் என்பது அப்போது எனக்குத் தெரியாது. நுவரெலியா எரிந்த நேரம் நீங்கள் அங்கே கடையில் வேலைக்கு நின்றீர்கள், தேயிலை மலை வழியாக நடந்து வந்து சேர்ந்தீர்கள். அதுவும் அம்மாச்சி சொல்லித்தான் தெரியும். நீங்கள் ஒருநாளும் சொன்னதில்லை.

இங்கே 2019 அக்டோபர் 17ஆம் திகதி ஜனங்கள் ரோட்டுக்கு இறங்கினார்கள். வாட்ஸ்அப்பில் பேசுவதற்கு மாதம் 6 டொலர் வரி என்று அரசாங்கம் சொன்னதுதான் திரி. வெடிமருந்து ஏற்கெனவே உள்ளே நிறைந்திருந்தது. சண்டை முடிந்ததும் 1991இல் பொதுமன்னிப்புச் சட்டம் போட்டு, ஆயுதம் தூக்கிய தலைவர்களே மந்திரிகளாகிக் கிட்டத்தட்ட 30 வருஷம் நாட்டைத் தின்றிருந்தார்கள். "கில்லுன் யானி கில்லுன்" என்று கத்தினார்கள். எல்லோரும் என்றால் எல்லோரும்தான், எங்கள் ஆள், உங்கள் ஆள் என்று பார்க்காமல் போக வேண்டும் என்று அர்த்தம். வடக்கே திரிபோலியிலிருந்து தெற்கே தீர் வரை 170 கிலோமீற்றர், கை கோத்து நிற்கப் போனார்கள். அதிலிருந்து இரண்டே நாளில் பிரதமர் ஹரீரி பதவி விலகினார்.

நவம்பர் கடைசியில் ஓர் இரவு எங்கள் ரோட்டிலேயே இரண்டு பக்கத்துப் பொடியன்களும் கல்லெறிந்துகொண்டார்கள். மேடம் முகம் வெளிறிப்போனது. மறுநாள் இரண்டு பக்கத்துத் தாய்மாரும் வெள்ளைப் பூவோடு வந்து, அதே ரோட்டில் ஒருவரையொருவர் கட்டிப்பிடித்து அழுதார்கள். முழங்கால் வலியில் எழும்ப முடியாத மேடம் பல்கனிக்கு வந்து, "அரிசி கொண்டுவா" என்றார். ஒரு பிடி அள்ளி அவர்கள் தலையில் தூவினார். கல்யாண வீட்டில் நாம் அட்சதை போடுவோமே, அப்படி. என் கையிலும் ஒரு பிடி கொடுத்தார்.

எல்லாம் நல்லபடி முடிந்தது என்று சொல்லமாட்டேன். 1,500 லீராவாக இருந்த டொலர் இன்று 30,000ஐத் தாண்டிவிட்டது. அரசாங்கக் கரண்ட் ஒரு நாளைக்கு இரண்டு மணித்தியாலம் வந்தால் பெரிய விஷயம். போன வருஷம் அக்டோபரில் இதே பக்கத்தில் துப்பாக்கிச் சூடு நடந்து ஏழு பேர் செத்தார்கள். மேடம் என்னை இழுத்துக்கொண்டு ஜன்னல் இல்லாத நடைக்குப் போய்க் குந்திக்கொண்டார். சண்டைக் காலத்துப் பழக்கம். அப்புறம் இன்னொன்று: ரோட்டுக்கு இறங்கி அத்தனை பேருக்கு நியாயம் கேட்டவர்கள், வீட்டு வேலைக்கு நிற்கும் எங்களைப் பற்றி அதிகம் பேசவில்லை. எங்களுக்கு இந்த நாட்டுத் தொழிலாளர் சட்டமே இல்லை.

நம் நாட்டுச் சண்டை வேறு மாதிரி. இங்கே 1989இல் சவூதியில் தாயிஃப் என்ற ஊரில் ஒப்பந்தம் எழுதித்தான் சண்டையை நிறுத்த வழி பார்த்தார்கள். அங்கே 26 வருஷத்துக்குப் பிறகு ஒரு பக்கம் ஜெயித்தது. 2009இல் பாதுகாப்புச் செயலாளராக இருந்து ஜெயித்த கோட்டாபயவைத்தான் 13 வருஷம் கழித்து, ஜூலை 9ஆம் திகதி நாட்டுச் சனமே மாளிகைக்குள் புகுந்து விரட்டியது. அவரை வீரர் என்று கொண்டாடிய வீட்டுப் பிள்ளைகளும் அதில் இருந்தார்கள் அப்பா. அவர்களுக்குச் சண்டையில் நடந்தது முழுக்கத் தெரியாது. மே 18ஆம் திகதி, 2009 கடைசிச் சண்டையில் சிக்கியவர்கள் குடித்த கஞ்சியின் நினைவாக, காலிமுகத்திடலில் முள்ளிவாய்க்கால் கஞ்சி கொடுத்தபோது, தம்பிக்குப் பக்கத்தில் நின்ற ஒரு சிங்களப் பொடியன், இது என்ன கஞ்சி என்று கேட்டானாம். தம்பி தெரிந்த மட்டும் சொன்னானாம். அவன் குடிக்காமல் கோப்பையைக் கையில் வைத்தபடி நின்றானாம். பிறகு குடித்தானாம். "நம்ம மலைநாட்டுக் கதையையும் கேட்டான் அக்கா, எனக்கு 83 பற்றி ஒண்ணும் சொல்லத் தெரியல" என்று தம்பி என்னிடம் சொன்னான்.

அவனைப் போகாதே என்று தடுக்க வேண்டாம் அப்பா. அடுத்த கிழமை தோட்டத்துக்கு வருகிறானாம். அடுப்படியில் உட்கார வைத்து, நுவரெலியாவிலிருந்து அந்த இரவு எப்படி நடந்து வந்தீர்கள், யார் கதவைத் திறந்தார்கள், யார் திறக்கவில்லை என்பதை அவனிடம் சொல்லுங்கள். போனை ஸ்பீக்கரில் போட்டு வையுங்கள். நானும் கேட்க வேண்டும்.

அம்மா, 50 டொலர் அனுப்பியிருக்கிறேன். முதலில் கோதுமை மா ஒரு மூட்டை வாங்கிவிடுங்கள், விலை இன்னும் ஏறுமாம்.

அன்பு மகள்