கார் ராத்திரி எங்கே நிற்கிறது?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற ஞாயிறு மலரில் மின்சார காரையும் பெட்ரோல் காரையும் எதிரெதிரே நிறுத்தி, வரிக்கு வரி மதிப்பெண் போட்டிருந்தீர்கள். மின்சாரத்துக்கு 6, பெட்ரோலுக்கு 5. எங்கள் வீட்டில் இரண்டும் இருக்கின்றன. 11 வயதான பெட்ரோல் கார் என் கணவருடையது. மூன்றரை ஆண்டாக ஓடும் மின்சார கார் என்னுடையது. உங்கள் அட்டவணையில் தப்பான வரி என்று ஒன்றையும் சொல்ல மாட்டேன். ஆனால் இதே காரைப் பற்றி வாங்கிய புதிதில் என்னைக் கேட்டிருந்தால் 11-க்கு 11 கொடுத்திருப்பேன். போன வருடம் கேட்டிருந்தால், வாங்கிக்கொள்ள யாராவது இருக்கிறார்களா என்று உங்களையே கேட்டிருப்பேன். இடையில் காரில் எதுவும் மாறவில்லை. நாங்கள்தான் வீடு மாறினோம்.

நான் பிசியோதெரபிஸ்ட். பக்கவாதம் வந்தவர்கள், முழங்கால் மாற்று அறுவை செய்துகொண்டவர்கள், இடுப்பு உடைந்து படுத்திருப்பவர்கள் என்று வீடு வீடாகப் போய்ப் பயிற்சி கொடுப்பது என் தொழில். ஒரு நாளைக்கு ஆறேழு வீடு. ஒரு வீட்டுக்கும் அடுத்ததற்கும் 5 கிலோமீட்டர், மிஞ்சினால் 10. பெட்ரோல் என்ஜினுக்கு இதைவிடக் கொடுமையான வேலை கிடையாது. ஆறின என்ஜினுக்கு எரிபொருள் கூடுதலாக ஊற்ற வேண்டும். ஆயில் கெட்டியாக இருக்கும். புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிடிக் கன்வெர்ட்டர் 250, 300 டிகிரி சூடு ஏறினால்தான் வேலையே தொடங்கும். எல்லாம் சூடாகி ஒழுங்குக்கு வரும் நேரத்தில் நான் அடுத்த நோயாளி வீட்டு வாசலில் வண்டியை அணைத்திருப்பேன். இதற்கு முன் நான் வைத்திருந்த பெட்ரோல் காரில் இப்படித்தான் எட்டு வருடம் ஓட்டினேன். இரண்டு கிளட்ச் மாற்றினேன். ஆயில் மூடியைத் திறந்தால் உள்பக்கம் வெண்ணெய் மாதிரி ஏதோ ஒட்டியிருக்கும். என்ஜினுக்குள் நீராவி குளிர்ந்து ஆயிலோடு கலந்ததன் அடையாளம் அது என்று மெக்கானிக் சொல்லித்தான் தெரியும்.

மின்சார காருக்கு இந்த ஓட்டம் விளையாட்டு. பிரேக் மிதிக்கும்போதெல்லாம் மோட்டாரே ஜெனரேட்டராகி கொஞ்சம் மின்சாரத்தைத் திருப்பி எடுத்துக்கொள்கிறது. சிக்னலில் நின்றால் ஏசியைத் தவிர வேறு செலவு இல்லை. என் வண்டியின் பேட்டரி 40 யூனிட் கொள்ளும். ஊருக்குள் யூனிட்டுக்கு ஆறரை, ஏழு கிலோமீட்டர் ஓடுகிறது. 60 கிலோமீட்டருக்கு 9 யூனிட். அப்போது தனி வீட்டில் இருந்தோம். கார் நிற்கும் இடத்துச் சுவரில் இதற்கென்றே தனி வயர் இழுத்து ஒரு பிளக் வைத்திருந்தோம், 3 கிலோவாட். சாப்பிட்டுவிட்டுப் படுக்கப் போகும்போது மாட்டினால் மூன்று, மூன்றரை மணி நேரத்தில் அன்றைய செலவு நிரம்பிவிடும். விடியற்காலை முழு பேட்டரியோடு கிளம்புவேன். முதல் இரண்டு வருடத்தில் வெளியில் சார்ஜ் போட்டது மொத்தம் நான்கே தடவை. சார்ஜர் எங்கே இருக்கிறது என்ற சிந்தனையே வந்ததில்லை. செல்போனுக்கு எங்கே சார்ஜ் போடுவது என்று யாராவது கவலைப்படுகிறோமா, அது மாதிரி.

பிறகு மாமியாருக்கு மாடிப்படி ஏற முடியாமல் போனதால் லிஃப்ட் உள்ள அடுக்ககத்துக்கு மாறினோம். 40 வீடுகள், தரைக்குக் கீழே கார் நிறுத்தம். என் இடத்துக்குப் பக்கத்தில் சுவர் இருக்கிறது, பிளக் இல்லை.

முதல் வாரமே ஒரு முட்டாள்தனம் செய்தேன். லிஃப்ட்டுக்குப் பக்கத்தில் இருந்த பொதுப் பிளக்கிலிருந்து எக்ஸ்டென்ஷன் பெட்டி வைத்து இழுத்து ராத்திரி முழுக்க மாட்டிவிட்டேன். காலையில் பிளக்கின் முகம் பழுப்பேறி, தொட்டால் சுட்டது. மிக்ஸி ஐந்து நிமிடம் ஓடி நின்றுவிடும். கார் 3 கிலோவாட்டை மணிக்கணக்கில் விடாமல் இழுக்கும். சாதாரண எக்ஸ்டென்ஷன் வயர் அதைத் தாங்காது. குடியிருப்போர் சங்கம் என்னைக் கூப்பிட்டுத் திட்டியது. நியாயம்தான்.

அடுத்த ஒன்பது மாதங்கள் பொது சார்ஜர்தான் கதி. உங்கள் கட்டுரை ‘வேகச் சார்ஜரில் ஒரு மணி நேரத்துக்குள் 80 சதவீதம்’ என்று ஒரே வரியில் தாண்டிப் போய்விட்டது. அந்த ஒரு மணி நேரத்துக்கு முன்னால் வரிசை இருக்கும். காரில் மாட்டுகிற முனை, அதைக் கன் என்பார்கள், இரண்டு இருந்தால் ஒன்று வேலை செய்யாது. வேலை செய்கிற கன்னுக்கு வேறு ஆப் வேண்டும். 80-க்கு மேல் ஏன் நகரவே மாட்டேன் என்கிறது என்று கேட்ட ஒரு நோயாளிக்கு அவர் முழங்காலை வைத்தே பதில் சொன்னேன். அறுவைக்குப் பிறகு முதல் 60 டிகிரி மடக்குவது சுலபம். 90-க்கு அப்பால் ஒவ்வொரு டிகிரிக்கும் வலிக்கும், அவசரப்பட்டால் காயம்தான் மிஞ்சும். பேட்டரியிலும் இடம் நிறைய நிறைய லித்தியம் மெதுவாகத்தான் உள்ளே போக முடியும். அவசரமாகத் தள்ளினால் வெளியிலேயே உலோகமாகப் படிந்து செல்லைக் கெடுத்துவிடும். அதனால் காரே வேகத்தைக் குறைத்துக்கொள்கிறது.

வாரத்தில் இரண்டு சாயங்காலம் இப்படிப் போயிற்று. “நான் பெட்ரோல் போட்டுட்டு அஞ்சு நிமிஷத்துல வந்துடறேன். நீ புத்தகம், தண்ணி பாட்டில் எல்லாம் எடுத்துக்கிட்டுக் கிளம்பற” என்பார் கணவர். கோபம் வந்தாலும் கணக்கு அவர் பக்கம்தான். ஒரு லிட்டர் பெட்ரோலில் ஏறக்குறைய 9 யூனிட் சக்தி இருக்கிறது. 35 லிட்டர் போட்டால் 315 யூனிட், அதுவும் ஒரு குழாய் வழியாக மூன்று நிமிடத்தில்! எந்த சார்ஜராலும் அது முடியாது. அதில் பெரும்பகுதி சூடாகப் போய், கால் பங்கு போலத்தான் சக்கரத்துக்கு வந்து சேர்கிறது என்பது வேறு விஷயம். மின்சார காரிலோ பேட்டரியில் இருப்பதில் முக்கால் பங்குக்கு மேல் சக்கரத்துக்கு வந்துவிடும். வரிசையில் நிற்கும்போது இந்த ஞானமெல்லாம் கைகொடுக்காது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

அந்த நாட்களில் ஜெர்மனியின் பெர்த்தா பென்ஸ் அம்மாளை நினைத்துக்கொள்வேன். 1888 ஆகஸ்டில் கணவர் கார்ல் பென்ஸ் செய்த பெட்ரோல் வண்டியில் இரண்டு மகன்களையும் ஏற்றிக்கொண்டு, அவரிடம் சொல்லாமலே மன்ஹைமிலிருந்து ஃபோர்ட்ஸ்ஹைமுக்கு, 100 கிலோமீட்டருக்கு மேல் ஓட்டிப் போனவர். வழியில் எரிபொருள் தீர்ந்தது. பெட்ரோல் பங்க் என்ற ஒன்றே உலகத்தில் இல்லாத காலம். வீஸ்லோக் என்ற ஊரில் மருந்துக் கடைக்குப் போய், கறை நீக்க விற்கும் லிக்ராயின் என்ற பெட்ரோல் மாதிரித் திரவத்தை வாங்கி ஊற்றினார். பெட்ரோல் காருக்கும் ஒரு காலத்தில் சார்ஜர் தேடும் கதை இருந்திருக்கிறது.

கணவர் காரை ஏன் மாற்றவில்லை என்று கேட்பீர்கள். அவர் ஆஸ்பத்திரிக் கருவிகளைப் பழுது பார்ப்பவர். போன் வந்தால் கிளம்ப வேண்டும். நெடுஞ்சாலையில் ஒரே நாளில் 450 கிலோமீட்டர் போகிற நாளும் உண்டு. அங்கே இரண்டு காரின் குணமும் தலைகீழ். பெட்ரோல் கார் டாப் கியரில் சீராக ஓடும்போதுதான் நல்ல மைலேஜ் தரும். என் கார் அங்கேதான் தவிக்கும். 80-லிருந்து 110-க்கு வேகத்தைக் கூட்டினால் காற்றின் எதிர்ப்பு கிட்டத்தட்ட இரண்டு மடங்கு ஆகிறது, திருப்பி எடுத்துக்கொள்ள பிரேக்கும் இல்லை. யூனிட்டுக்கு 5 கிலோமீட்டர்தான் கிடைக்கிறது. 10 சதவீதத்துக்குக் கீழே இறங்கப் பயம், 80-க்கு மேலே ஏற்றப் பொறுமையில்லை. இடையில் இருக்கிற 28 யூனிட்டில் 140 கிலோமீட்டர். விளம்பரத்தில் இருக்கும் எண்ணைப் பார்த்து நெடும்பயணத்துக்குத் திட்டம் போடுகிறவர்கள் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்கட்டும். அவருக்கு அந்தப் பழைய கார்தான் சரி. எந்த ஊரில் நின்றாலும் ஒரு மெக்கானிக் பானெட்டைத் திறந்து ஏதாவது செய்து அனுப்பிவிடுவார். என் காருக்குக் கம்பெனி சர்வீஸை விட்டால் வேறு நாதி இல்லை.

நீங்கள் எழுதாமல் விட்ட சில்லறை விஷயங்களும் உண்டு. பேட்டரி கனத்தால் டயர் சீக்கிரம் தேய்கிறது. பழைய காரில் 45,000 வரை வந்த டயர் இதில் 32,000-த்தில் மொட்டையாகிவிட்டது. பிரேக் கட்டைகள் மட்டும் பாதிகூடத் தேயவில்லை. ஆயில், ஸ்பார்க் பிளக், கிளட்ச் எதுவும் இல்லாததால் சர்வீஸுக்கு விட்டால் மதியத்துக்குள் வந்துவிடுகிறது.

ஒரு காலை கார் திறக்கவே இல்லை. திரை இருட்டு. முதல் நாள் ராத்திரி பார்த்தபோது 74 சதவீதம். கடைசியில் பார்த்தால் பெரிய பேட்டரிக்கு ஒன்றும் இல்லை. எல்லாக் கார்களிலும் இருக்கிற சின்ன 12 வோல்ட் பேட்டரி செத்துப்போயிருந்தது. அது உயிரோடு இருந்தால்தான் பெரிய பேட்டரியின் சுவிட்சுகள் இணையும். கணவரின் பெட்ரோல் காரிலிருந்து கேபிள் போட்டு எழுப்பினோம். அன்று முழுக்க அவர் முகத்தில் இருந்த சந்தோஷத்தை நான் இங்கே விவரிக்கப் போவதில்லை.

சுற்றுச்சூழல் பத்தியில் நீங்கள் முழு மதிப்பெண் கொடுத்துவிட்டீர்கள். கொஞ்சம் குறைத்திருக்கலாம். ஒரு லிட்டர் பெட்ரோலின் எடை முக்கால் கிலோதான், எரிந்தால் காற்றிலுள்ள ஆக்சிஜனையும் சேர்த்துக்கொண்டு 2.3 கிலோ கரியமில வாயுவாக வெளியே வருகிறது. என் காருக்குப் புகைக்குழாயே இல்லை, உண்மை. ஆனால் அதன் பேட்டரியைச் செய்யும்போது வந்த புகை, வாங்குகிற அன்றே என் கணக்கில் எழுதப்பட்ட கடன். ஓட ஓடத்தான் அது அடைகிறது. நிலக்கரி மின்சாரமானால் மெதுவாக, காற்றாலையும் சூரியனும் கலந்தால் சீக்கிரமாக. மாதம் இரண்டு தடவை எடுப்பதற்காக ஒருவர் மின்சார கார் வாங்கி நிறுத்தினால் கடன் அடைய வருடக்கணக்காகும்.

சங்கக் கூட்டத்துக்கு வருகிறேன். என் இடத்தில் பிளக் வைக்க அனுமதி கேட்டு ஒன்பது மாதத்தில் மூன்று கூட்டம். மீட்டர் யாருடையது என்பது முதல் கேள்வி. என் வீட்டு மீட்டரிலிருந்தே தனி வயர், தனி பிரேக்கர் என்றதும் அது தீர்ந்தது. தீப்பிடித்தால் என்ன செய்வது என்று கீழ்த்தளத்துப் பெரியவர் கேட்டார். அவரைப் பார்த்துச் சிலர் சிரித்தார்கள், நான் சிரிக்கவில்லை. மின்சார கார்கள் பெட்ரோல் கார்களைவிட அதிகமாக எரிவதில்லைதான். ஆனால் எரிந்தால் அணைப்பது கஷ்டம். ஒரு செல்லின் சூடு அடுத்த செல்லுக்குத் தாவும், அணைந்தது என்று நினைத்த பிறகும் மறுபடி பற்றலாம், தண்ணீர் ஏராளமாக வேண்டும். என் காரின் பேட்டரி அயர்ன் பாஸ்பேட் என்ற வகை, தீப்பிடிக்கும் விஷயத்தில் அது மற்ற லித்தியம் பேட்டரிகளைவிடச் சற்றுச் சாது என்பதைச் சொன்னேன். பெட்ரோல் டேங்கோடு 39 கார்கள் ஏற்கெனவே அங்கே நிற்பதையும் சொன்னேன். புகை உணரும் கருவியும் ஒரு அவசர சுவிட்சும் வைப்பதாக ஒத்துக்கொண்ட பிறகு அவரே முதலில் கை தூக்கினார்.

பிளக் வந்து ஒன்பது மாதமாகிறது. நான் மறுபடி படுக்கப் போகும்போது மாட்டிவிட்டு, விடியற்காலை நிறைந்த பேட்டரியோடு கிளம்புகிறேன். அதே கார் மறுபடி நல்ல கார் ஆகிவிட்டது. அதனால்தான் சொல்கிறேன், உங்கள் அட்டவணையின் முதல் வரியில் ‘கார் ராத்திரி எங்கே நிற்கும்? அங்கே பிளக் உண்டா?’ என்று இருந்திருக்க வேண்டும். அதற்குப் பதில் இல்லாதவர்களுக்குக் கீழே உள்ள 11 வரிகளும் வீண்.

கடைசிக் கூட்டத்தில் சங்கச் செயலாளர் ஒரு கேள்வி கேட்டார். “உங்களுக்குக் கொடுத்தாச்சு. நாளைக்கு மீதி 39 பேரும் கேட்டா?” 40 கார், ஆளுக்கு 3 கிலோவாட், ஒரே நேரத்தில் மாட்டினால் 120 கிலோவாட். எங்கள் கட்டடத்துக்கு வரும் கேபிள் அதற்காகப் போட்டதில்லை. ஒவ்வொருவருக்கும் ராத்திரியில் இரண்டு மூன்று மணி நேரம்தானே தேவை, முறை வைத்து மாற்றி மாற்றிக் கொடுக்கும் சார்ஜர்கள் இருக்கின்றனவே என்றேன். “அதை வாங்கறது யாரு? மின்சார கார் இல்லாதவங்களும் பங்கு போடணுமா?” என்றார். எனக்குப் பதில் தெரியவில்லை. அடுக்ககங்களில் இதைத் தீர்த்தவர்கள் எங்காவது இருந்தால் உங்கள் நிருபரை அனுப்பி, எப்படிச் செய்தார்கள், செலவை எப்படிப் பிரித்தார்கள் என்று எழுதச் சொல்லுங்கள். அடுத்த கூட்டம் வரும் மாதம் இரண்டாவது ஞாயிறு.

இப்படிக்கு,
வீடு தேடிப் போகும் பிசியோதெரபிஸ்ட், உங்கள் வாசகி