மாலா நடைக்கு ஒன்றரை மணி நேரம் ஒதுக்குங்க

ஆசிரியருக்கு வணக்கம்,

ஸ்கூல் லீவு நெருங்குதுன்னா இங்க ஆஸ்திரேலியாவுல நம்ம தமிழ்ச் சங்கங்களும் தமிழ்ப் பள்ளிகளும் பிள்ளைங்கள குரூப்பா உலுருவுக்கு, அதான் நாட்டு நடுவுல இருக்கற அந்தப் பெரிய செம்பாறைக்கு, கூட்டிட்டுப் போறத பத்தி பேச ஆரம்பிச்சிடுறாங்க. ரொம்ப நல்ல விஷயம். ஆனா போற விதத்த பத்தி ஒண்ணு சொல்லணும்னு எனக்கு ரொம்ப நாளா மனசுல இருக்கு.

நான் ரெண்டு தடவை போயிருக்கேன். முதல் தடவை 2016-ல, பெரிய பஸ், கிட்டத்தட்ட அம்பது பேர். மத்தியானம் போய் இறங்கினோம், சாயங்காலம் பாறை செவந்து நிக்கறத பாத்தோம், குரூப் போட்டோ எடுத்தோம், மறுநாள் காலைல சிலர் சங்கிலிய புடிச்சுக்கிட்டு மேல ஏறினாங்க, மத்தியானம் கெளம்பிட்டோம். பாறைக்கு கீழயே அனங்கு மக்கள், அதாவது அந்த மண்ணோட பூர்வகுடிங்க, "தயவுசெஞ்சு ஏறாதீங்க"ன்னு கேட்டுக்கிட்ட போர்டு இருந்துச்சு. எல்லாரும் படிச்சோம். படிச்சிட்டும் எங்க ஆளுங்க ஏறினாங்க, நான் ஒரு வார்த்தை சொல்லல, அது இன்னிக்கும் எனக்கு உறுத்துது. பஸ் மைக்ல எங்களுக்கு சொன்ன வரலாறு 1873-ல வில்லியம் காஸ் வந்து பாத்து ஐயர்ஸ் ராக்குன்னு பேர் வச்சதுல ஆரம்பிச்சுது, உயரம் 348 மீட்டர்ங்கறதோட முடிஞ்சுது. பிள்ளைங்க அத நோட்டுல எழுதிக்கிட்டாங்க.

ரெண்டாவது தடவை 2023-ல போனப்ப நாங்க பதினாலு பேர்தான், பெரியவங்க பிள்ளைங்க எல்லாம் சேர்த்து, மூணு நாள் தங்கினோம். காலைல பார்க் ரேஞ்சர் கூட்டிட்டுப் போற மாலா நடைக்கு போனோம். அதுக்கு தனியா காசு கிடையாது. போக வர ரெண்டு கிலோமீட்டர்தான், ஆனா நின்னு நின்னு கேட்டுக்கிட்டே போகணும்ங்கறதால ஒன்றரை மணி நேரம் ஆகும். வழியில ஒரு குகை, மேல்கூரை புகையில கருத்துப் போயிருக்கு, பெண்கள் விதைய அரைச்சு சமைச்ச எடம். இன்னொரு குகையில சுவர் முழுக்க ஓவியம், அங்கதான் தாத்தாமாருங்க பையன்களுக்கு எந்தப் பக்கம் தண்ணி, எந்தப் பக்கம் வேட்டை, எப்படி வழி கண்டுபுடிச்சு போறதுன்னு சொல்லிக் குடுத்திருக்காங்க. இது அவங்க பள்ளிக்கூடம்னு ஒரு வார்த்தை சொன்னதும் எங்க பிள்ளைங்க தானா உக்காந்துட்டாங்க.

அப்புறம் மாலா கதை, அந்த நடைக்கு பேர் வந்த அனங்கு மக்களோட முன்னோர் கதை. மாலா மக்கள் சடங்கு பண்ண உலுருவுக்கு வந்து சேர்றாங்க, ஆரம்பிச்ச நேரத்துல மேற்கேருந்து வேற ஆளுங்க வந்து எங்க சடங்குக்கு வாங்கன்னு கூப்பிடுறாங்க, ஆரம்பிச்சத பாதியில விட முடியாதுன்னு இவங்க மறுக்க, அந்தக் கோவத்துல குர்பான்ங்கற பயங்கரமான நாய் மாதிரி ஒண்ண ஏவி விடுறாங்க, லூன்பாங்கற மீன்கொத்தி கத்தி எச்சரிக்குது, யாரும் காதுல வாங்கல, கடைசில பிழைச்ச மாலா மக்கள் அங்கேருந்து ஓடிப் போயிடுறாங்க. மாலாங்கறது நெஜத்துல ஒரு சின்ன வாலபி, கங்காரு இனம்தான், முயல் மாதிரி இருக்கும். கதையில மட்டும் இல்ல, நெஜமாவே அது இந்த மண்ணுலேருந்து போன நூற்றாண்டுல காணாமப் போச்சு. வெளியேருந்து வந்த பூனையும் நரியும் ஒரு காரணம், இன்னொரு காரணம் நெருப்பு. அனங்கு மக்கள் அங்கங்க சின்னச் சின்னதா புல்ல எரிச்சு விடுவாங்க, புதுசா தளிர் வரும், பிராணிகளுக்கு ஒளிய எடமும் இருக்கும், பெரிய தீயும் பரவாது. அந்த மக்கள அவங்க நிலத்துலேருந்து நகர்த்தினதும் அந்தப் பழக்கம் நின்னுச்சு, காய்ஞ்ச புல்லு சேந்துது, 1976-ல பூங்காவோட பெரும்பகுதி எரிஞ்சு போச்சு. இப்ப அந்த முறையில திரும்ப எரிக்கறாங்க, 2005-ல வேலி போட்டு மாலாவ திரும்பவும் கொண்டுவந்து விட்டிருக்காங்க.

நான் சொல்ல வந்தது இதத்தான். நம்ம டூர் பிளான்ல வரலாறுக்கு ஒரு மணி நேரம், பழங்குடி கலாச்சாரத்துக்கு ஒரு டான்ஸ், வனவிலங்குக்கு ஒரு ஸ்டாப்னு பிரிச்சு பிரிச்சு போடுறாங்க. அங்க அது மூணும் ஒரே கதை. அந்த மண்ணோட ஆளுங்க சொல்லி, இல்லன்னா அவங்ககிட்ட கத்துக்கிட்ட ரேஞ்சர் சொல்லி கேட்டாத்தான் அது புரியும்.

இன்னொண்ணு, போறதுக்கு முன்னாடியே பெற்றோருக்கும் பிள்ளைங்களுக்கும் சொல்லி வையுங்க, பாறையில சில பகுதிய போட்டோ எடுக்கக் கூடாது. சில விஷயம் பெண்களுக்கு மட்டும், சிலது ஆண்களுக்கு மட்டும், சிலது வெளியாளுக்கே கிடையாது. எங்க கூட வந்த ஒருத்தர் இந்த எடத்துல என்ன சடங்குன்னு திரும்பத் திரும்ப கேட்டார், ரேஞ்சர் பொறுமையா அது நான் சொல்றதுக்கு உரியது இல்லன்னார். காசு குடுத்து வந்தா எல்லாத்தையும் தெரிஞ்சுக்கலாம்னு நினைக்கறது தப்புன்னு பிள்ளைங்களுக்கு அங்கயே புரிஞ்சுது, பெரியவங்களுக்குத்தான் கொஞ்சம் நேரம் ஆச்சு.

1985 அக்டோபர் 26-ல நிலத்த அனங்கு மக்கள்கிட்ட திருப்பிக் குடுத்தாங்க, ஆனா அதே நாள்ல அவங்க அத 99 வருஷ குத்தகைக்கு பூங்காவுக்கே விட வேண்டியிருந்துச்சு. பாறை ஏறுறத நிறுத்தினது 2019 அக்டோபர் 26, அதே தேதி, 34 வருஷம் கழிச்சு. இது எந்தப் பிள்ளைக்கும் மனசுல நிக்கும், 348 மீட்டர விட.

பூங்கா பாஸே 3 நாளைக்கு செல்லும்படி தான் தர்றாங்க, அப்புறம் ஏன் ஒரே ராத்திரியில ஓடி வர்றோம்? ஆளு நிறைய இருந்தா ரெண்டு பேட்ச்சா பிரிச்சுக்கோங்க, முதல்ல கல்ச்சுரல் சென்டருக்கு போங்க, வெயிலுக்கு முன்னாடி நடங்க, 36 டிகிரியோ அதுக்கு மேலயோ போகும்னு சொன்னா அதே பூங்காவுல இருக்கற கட்டா ஜூட்டா பாறைக் குன்றுகள்ல காலை 11 மணிக்கே பள்ளத்தாக்கு நடைபாதைய மூடிடுவாங்க. மாலாவ எங்களுக்கு பாக்க கிடைக்கல, அது ராத்திரி நடமாடுற பிராணி. ஆனா திரும்பி வந்து ரெண்டு வருஷம் ஆகியும் எங்க குரூப் பிள்ளைங்க அத பத்தி கேக்கறாங்க. அடுத்த லீவுக்கு பிளான் போடுற சங்கத்துக்காரங்க, உங்க லிஸ்ட்ல சூரிய அஸ்தமனம்ங்கற வரிக்கு கீழ, "மறுநாள் காலைல மாலா நடை"ன்னு அந்த ஒரு வரிய சேத்துடுங்க.

இப்படிக்கு,
ஒரு வாசகி