அகழி இருந்த இடத்தில் ஒரு வீதி

மதுரை,
ஐப்பசி மாதம்.

அன்புள்ள நண்பா,

நலம், நலமறிய ஆவல். தீபாவளிக்கு இரண்டு நாள் முன்னதாகவே உன் கடிதம் வந்துவிட்டது. முழங்கால் வலியும் விருந்தாளிகளுமாகப் பொழுது போய்விட்டதால் பதில் எழுதத் தாமதமாயிற்று, பொறுத்துக்கொள். மதுரைக்கு வந்தால் கோயிலை மனத்தில் வைத்துக்கொண்டு எந்தத் தெருவுக்கும் போய்விட முடிகிறது, சென்னையிலேயே பிறந்து வளர்ந்தும் அந்த ஊரின் நடு எது என்று தெரியவில்லையே என்று உன் பேரன் கேட்டதாக எழுதியிருந்தாய். நில அளவைத் துறையில் முப்பத்து நான்கு ஆண்டுகள் ஊர் ஊராகச் சங்கிலி பிடித்து அலைந்தவன் நான். அந்தக் கேள்வி என்னைப் பல நாள் தூங்கவிடவில்லை.

முதலில் எங்கள் ஊரைச் சொல்கிறேன். கோயிலுக்குள்ளே ஆடி வீதி, மதிலைச் சுற்றிச் சித்திரை வீதி, அதற்கடுத்து ஆவணி மூல வீதி, அதற்கும் வெளியே மாசி வீதி என்று சதுரத்துக்குள் சதுரமாக அமைந்த ஊர் இது. அந்தச் சதுரங்கள் சாமி புறப்பாட்டுக்காக உண்டானவை என்பது இங்கே வாழ்கிறவர்களுக்குக்கூட ஆண்டுக்குச் சில நாள்தான் உறைக்கிறது. மாசியில் நடந்துவந்த திருக்கல்யாணத்தையும் தேரோட்டத்தையும் திருமலை நாயக்கர் சித்திரைக்கு மாற்றினார் என்பார்கள். இன்றும் சித்திரைத் தேர் ஓடுவது மாசி வீதிகளில்தான். திருவிழா மாதம் மாறியது, தேர் தன் வீதியை மாற்றிக்கொள்ளவில்லை. சென்ற ஆண்டு கீழமாசி வீதியும் தெற்குமாசி வீதியும் கூடும் மூலையில் நின்று பார்த்தேன். வடம் இழுப்பவர்கள் தெற்கு வீதிக்குள் வளைந்து போய்விட்டார்கள், தேரோ இன்னும் கிழக்கு வீதியிலேயே நிற்கிறது. முட்டுக்கட்டை போடுகிறவர் சக்கரத்தின் அருகில் குனிந்து, ஒரு பக்கத்துச் சக்கரம் மட்டும் தயங்கும்படி கட்டையைச் செருகி எடுக்க, அத்தனை பெரிய தேர் முனகிக்கொண்டே சாண் சாணாக முகம் திருப்பியது. அந்த மூலை எவ்வளவு அகலமாக இருக்க வேண்டும் என்பதை எந்த அலுவலகமும் தீர்மானிக்கவில்லை, தேரே தீர்மானித்தது என்று அப்போது எனக்குத் தோன்றியது.

ஆனால் நான் உண்மையில் எழுத நினைப்பது மாசி வீதிக்கு வெளியே உள்ள பகுதியைப் பற்றி. விசுவநாத நாயக்கர் காலத்தில் விரிந்து எழுபத்திரண்டு கொத்தளங்களோடு நின்ற கோட்டையையும் அதைச் சூழ்ந்த அகழியையும், 1840ஐ ஒட்டிய ஆண்டுகளில் கலெக்டர் பிளாக்பர்ன் இடித்துத் தூர்க்க வைத்தார். மதிலுக்குள் ஊர் மூச்சுமுட்டிக் கிடந்தது. அரசிடமோ இடிக்கப் பணம் இல்லை. மதிலை இடித்து அகழியை நிரப்புகிறவர்களுக்கு அந்த நிலமே சொந்தம் என்று அறிவித்தார். ஊர் தானாக வெளியே பெருகியது. அந்த வேலையை அளந்து மேற்பார்த்த இருவரின் பெயரைத்தான் மாரட் வீதியும் பெருமாள் மேஸ்திரி வீதியும் சுமக்கின்றன. அதற்கும் அப்பால் உள்ளது வெளி வீதி. அந்தப் பெயரைச் சிறுவயதில் ‘வெளியே உள்ள வீதி’ என்று மட்டும்தான் புரிந்துகொண்டேன். வெற்றிடம் என்ற பொருளும் அதற்குள் இருப்பது, பெரியார் பேருந்து நிலையத்துக்கு அருகே மிஞ்சி நிற்கும் ஒற்றைக் கொத்தளத்தின் நிழலில் நின்ற ஒரு மதியத்தில்தான் விளங்கிற்று. ஓர் ஊரின் வடிவம், அது எதைக் கட்டியது என்பதைப் போலவே, எந்த இடத்தைக் காலியாக வைத்திருந்தது, பிறகு யார் அதை எதனால் நிரப்பினார்கள் என்பதாலும் அமைகிறது என்று அன்றிலிருந்து நம்புகிறேன்.

இனி உன் பேரனுக்கு. சென்னைக்கு நடு ஒன்று இல்லாததற்குக் காரணம், அது ஓர் ஊராகப் பிறக்கவில்லை என்பதே. 1639இல் ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனிக்குக் கிடைத்தது கடலோரத்து மணல் துண்டு. அங்கே கோட்டை எழுந்தது. 1676இல் திருவல்லிக்கேணி குத்தகைக்கு வந்தது. 1693இல் எழும்பூர், புரசைவாக்கம், தண்டையார்பேட்டை, 1708இல் நுங்கம்பாக்கம், வியாசர்பாடி, திருவொற்றியூர் முதலிய ஊர்கள், 1749இல் சாந்தோம் என்று ஒவ்வொன்றாகச் சேர்த்துத் தைத்த துணி அது. மயிலாப்பூருக்கும் திருவல்லிக்கேணிக்கும் தனித்தனிக் குளமும் மாட வீதிகளும் அன்றும் இருந்தன, இன்றும் இருக்கின்றன. மதுரையில் ஒன்றாக இருக்கும் நடு அங்கே பலவாக இருக்கிறது என்று அவனிடம் சொல்.

அங்கும் காலியிடமே பெரிய வேலை செய்திருக்கிறது. 1746இல் பிரெஞ்சுக்காரர்களிடம் கோட்டையை இழந்து மூன்று ஆண்டு கழித்துத் திரும்பப் பெற்ற கம்பெனிக்கு, மதிலை ஒட்டி இந்தியர்கள் குடியிருந்த பழைய கறுப்பர் நகரம் எதிரி பதுங்கும் இடமாகத் தெரிந்தது. வீடுகளையும் சென்னகேசவப் பெருமாள் கோயிலையும் அகற்றி, பீரங்கி சுடத் தடையில்லாத வெட்டவெளியாக அதை ஆக்கினார்கள். இதற்குள் எவரும் கட்டக்கூடாது என்று 1773இல் எல்லைத் தூண்களை நட்டார்கள். பாரிமுனையில் இன்றும் ஒன்று நிற்பதை நாம் இருவரும் சேர்ந்தே பார்த்திருக்கிறோம். அந்த வெளியில்தான் 1892இல் உயர்நீதிமன்றம் எழுந்தது. குடியிருந்தவர்களுக்கு என்ன நேர்ந்திருக்கும் என்று நினைக்கும்போதெல்லாம் எனக்கு வருத்தமாக இருக்கிறது. ஊரின் வரைபடத்தில் அழகாகத் தெரியும் பல திடல்கள் யாரோ சிலருடைய அடுப்படியாக இருந்தவை.

உன் வீடு இருக்கும் மாம்பலத்துக்கு வருவோம். மவுண்ட் ரோட்டுக்கு மேற்கே நுங்கம்பாக்கம் தொடங்கித் தெற்கே நீண்டு கிடந்த பெரிய ஏரியை 1920களில் வடித்துத்தான் தியாகராய நகரை உருவாக்கினார்கள். பனகல் பூங்காவை நடுவில் வைத்து, உஸ்மான் சாலை, ஜி.என்.செட்டி சாலை, வெங்கட்நாராயணா சாலை என்று வந்து கூடும்படி கோடு போட்டார்கள். முதலில் தாளில் வரைந்து பிறகு தரையில் இறக்கிய ஊர்ப்பகுதி அது. ஆனால் தாளில் வரைந்தவர்கள் ரங்கநாதன் தெருவை நினைத்துப் பார்த்திருக்க மாட்டார்கள். 1931இல் மின்சார ரயில் ஓடத் தொடங்கியபின், மாம்பலம் நிலையத்திலிருந்து உஸ்மான் சாலைக்கு நடந்து போகிறவர்களின் கால்களே அந்தச் சிறு தெருவைக் கடைத்தெருவாக்கின. எல்லாத் தெருவும் முன்கூட்டியே வரையப்பட்டு, வட்டங்களுக்கு எண் கொடுத்த நெய்வேலியில் என் தம்பி பல ஆண்டுகள் வாழ்ந்தான். நிழலும் அமைதியும் நிறைந்த ஊர்தான், ஆனால் இப்படி ஒரு தெரு அங்கே முளைக்க இடமில்லை.

ஏரி போய்விட்டது, லேக் வியூ சாலை என்ற பெயர் உங்கள் பக்கம் நிற்கிறது. 2015 டிசம்பரில் உன் வீட்டுக்குள் வந்தது அடையாற்று வெள்ளம் என்பது எனக்குத் தெரியும். ஆயினும் அடுத்த தெரு வடிந்த பிறகும் உன் வீட்டுக் கூடத்தில் இரண்டு நாள் தண்ணீர் நின்றதாக நீ தொலைபேசியில் சொன்னபோது, எந்தச் சாலையைப் போட்டாலும் தாழ்ந்த நிலம் தாழ்ந்த நிலமாகவே இருக்கிறது என்று எண்ணிக்கொண்டேன். இங்கே வைகைக்கு வடக்கே தல்லாகுளம், பீ.பீ.குளம், ஆத்திகுளம் என்று பெயரெல்லாம் நீராக இருக்கிறது. போய்ப் பார்த்தால் பெரும்பாலும் வீடுகள்.

இதை எழுதும்போது மனம் கனக்கக் காரணம் உண்டு. என் மகளும் மருமகனும் சுற்றுச்சாலைக்கு அப்பால் ஒரு மனைக்கு முன்பணம் கொடுத்துவிட்டு என்னை அழைத்துப்போய்க் காட்டினார்கள். விற்கிறவர் கொடுத்த வரைபடத்தில் முப்பதடிச் சாலை என்றிருந்த நிலத்தில் கோரை முளைத்திருந்தது. ஓரத்தில் நத்தை ஓடுகள் கிடந்தன. நில அளவைத் துறையின் பழைய புலப்படத்தை எடுத்து ஒப்பிட்டால் அது கண்மாய்க்குப் போகும் வரத்துக்கால். இதைச் சொன்னதும் மருமகனுக்கு முகம் வாடிவிட்டது. அவர் விரும்பித் தேர்ந்தெடுத்த இடம். முன்பணத்தைத் திரும்பப் பெற இப்போது மூவருமாக அலைந்துகொண்டிருக்கிறோம். அதே வரிசையில் மற்ற மனைகள் விற்றுக்கொண்டுதான் இருக்கின்றன. அங்கே வீடு கட்டப்போகிறவர்களை எப்படி எச்சரிப்பது என்று தெரியாமல் தவிக்கிறேன்.

உன்னிடம் ஒரு வேலை சொல்கிறேன். அடுத்த பெருமழை விட்டதும் பேரனை அழைத்துக்கொண்டு லேக் வியூ சாலையிலிருந்து ரயில் பாதை வரை நடந்து, தண்ணீர் எந்தப் பக்கம் ஓடுகிறது, எந்த மூலையில் கடைசியாக வடிகிறது என்று அவனையே குறித்துக்கொள்ளச் சொல். ஏரிக்கரை சென்ற வழியைக் காட்டும் பழைய படத்தின் நகல் என்னிடம் இருக்கிறது. சித்திரைத் தேருக்கு நீங்கள் வரும்போது இரண்டையும் விரித்து வைத்துப் பார்ப்போம்.

என்றும் உன் அன்பு நண்பன்.