சுக்கான் என் கையில்

அன்புள்ள மகனுக்கு,

ஒரு கிழமையாக நாங்கள் போன் எடுக்கவில்லை என்று அக்காவிடம் குறைப்பட்டாயாம். என்ன செய்ய? கால்வாயில் நேப்டன் என்ற ஊரைத் தாண்டினால் வயல், செம்மறி ஆடு, பிறகும் வயல். சிக்னல் ஒரு மரத்தடியில் வரும், அடுத்த மரத்தடியில் போய்விடும்.

அப்பா ஓய்வுபெற்றதற்காக ஒக்ஸ்போர்ட் கால்வாயில் படகொன்று வாடகைக்கு எடுத்தோம். நீளம் 57 அடி, அகலம் 6 அடி 10 அங்குலம். ரயில் பெட்டியின் நடைவழி மட்டும் தனியாக மிதக்கிறது என்று நினைத்துக்கொள். "நயினாதீவுக்கு லோஞ்சில போய் வந்தவன், எனக்குத் தெரியாத படகா" என்று அப்பா சுக்கான் தடியைப் பிடித்தார். முதல் பாலத்திலேயே இடி. தடியை இடப்பக்கம் தள்ளினால் படகு வலப்பக்கம் திரும்பும். கார் ஓடிப் பழகின கைக்கு அது ஏறவேயில்லை. "இடம் வலம் தெரியாத உனக்கு ஏன் லைசன்ஸ்" என்று 30 வருசமாக என்னைக் கேட்டவரல்லவா? தடி என் கைக்கு வந்தது. அரை மணி நேரத்தில் பிடிபட்டும் விட்டது.

அப்பாவுக்கு லொக் வேலை. லொக் என்றால் படகை மேட்டில் ஏற்றி இறக்குகிற, இரு பக்கமும் கதவுள்ள தண்ணீர்த் தொட்டி. நேப்டன் மேட்டில் மட்டும் ஒன்பது. ஏழடி அகலக் கல் தொட்டிக்குள் படகை நான் விட வேண்டும், இரண்டு அங்குலம்தான் மிச்சம். அவர் பின்கதவைச் சாத்தி, இரும்புச் சாவியைச் சுற்றி மேல் மதகைத் திறந்தால், தண்ணீர் புகுந்து எங்களைத் தூக்கும். கதவுக்கு மோட்டரும் இல்லை, மின்சாரமும் இல்லை. கதவின் நீண்ட மரத்தில் முதுகைக் கொடுத்துத் தள்ள வேண்டியதுதான். கிளேடன் என்ற ஊர் லொக்கில் அந்தச் சாவியைத் தண்ணீருக்குள் போட்டுவிட்டு என்னைப் பார்த்தாரே ஒரு பார்வை! (நல்லகாலம், இன்னொன்று இருந்தது.)

நேப்டன் மேட்டுக்கும் கிளேடனுக்கும் நடுவில் 11 மைலுக்கு ஒரு லொக்கும் இல்லை. நேராகப் போனால் 5 மைல்கூட வராத இடம். பிரிண்ட்லி என்ற பொறியியலாளர் மேட்டை வெட்டாமல், ஒரே மட்டத்தைப் பிடித்து வளைத்து வளைத்துக் கொண்டுபோயிருக்கிறார். அவர் இறந்தது 1772 இல். கால்வாய் ஒக்ஸ்போர்ட்டைத் தொட்டது 1790 இல். வலப்பக்கம் பார்த்த பண்ணை வீடு கன நேரம் கழித்து இடப்பக்கம் வந்து நிற்கும். "இதுக்கு நடந்தே போயிருக்கலாம்" என்றார் அப்பா. உண்மைதான், மணிக்கு நாலு மைலுக்கு மேல் ஓடக்கூடாது; கரையில் நாயோடு நடந்த கிழவர் எங்களை முந்தினார்.

மூன்றாம் நாள் அந்தப் புறுபுறுப்பு நின்றது. தேத்தண்ணீரோடு பின்னுக்கு என் பக்கத்தில் வந்து நின்றார். அப்பப்பாவோடு மாட்டுவண்டியில் சந்தைக்குப் போன கதை சொன்னார், வாழைக்குலைக்கு மேல் படுத்து நித்திரையானதை. இத்தனை வருசத்தில் எனக்குச் சொல்லாத கதை. காரில் அதற்கு நேரம் இருந்திராது.

பான்பரியில் கடைகளுக்கு நடுவாலேதான் கால்வாய். மீன் வாங்கினோம், படகைத் திருப்பினோம், அவ்வளவுதான்.

வீட்டுக்கு வரும்போது கார் மணிக்கு 40 மைலைத் தொட்டதும் எனக்கு நெஞ்சிடி. "மெதுவா, மெதுவா" என்றேன். சிரித்தார்.

நேற்று லைசன்ஸ் படிவம் ஒன்று மேசையில் கிடந்தது. அப்பாதான் கொண்டுவந்து வைத்திருக்கிறார். இன்னும் நிரப்பவில்லை. ஞாயிற்றுக்கிழமை போன் எடு.

அம்மா