ஒரு ‘வேண்டாம்’ சொன்ன விதம்

அன்புள்ள கயல்,

நேற்று நீ வீடியோவில் பேசிக்கொண்டிருந்தபோது உன் ஹனோய் வீட்டுக்கார அம்மா தேநீர் வேண்டுமா என்று கேட்டார்கள். நீ முகத்தைக்கூடத் திருப்பாமல் “கோங்” என்றாய். ராத்திரி முழுக்க அது எனக்கு உறுத்திக்கொண்டே இருந்தது.

வியட்நாமிய மொழியில் ‘கோங்’ கெட்ட வார்த்தை இல்லை. ‘இல்லை’, ‘வேண்டாம்’ என்று அர்த்தம், அவ்வளவுதான். ஆனால் முறைவைத்து அழைக்காமல் மொட்டையாகப் பேசுவதற்கு வியட்நாம்காரர்கள் ஒரு பெயரே வைத்திருக்கிறார்கள்: ‘நோய் ட்ரோங் கோங்’, வெறுமையாகப் பேசுவது. வயதானவரிடம் அப்படிப் பேசுகிற பிள்ளையை ‘ஹோன்’ என்பார்கள். நம் ஊரில் ‘திமிர் பிடிச்சது’ என்போமே, அதுதான். அப்பாவின் வேலைக்காகச் தெற்கே இருக்கும் சைகானுக்குப் போன புதிதில், ‘தான் தின்’ என்ற சந்தையில் கீரை விற்ற அம்மாவிடம் நானும் இப்படித்தான் பேசினேன். அவர் கோபப்படவில்லை. கீரையைக் கட்டிக்கொண்டே, முதலில் மரியாதைக்கு ‘யா’ சொல்லிவிட்டுப் பேசு என்று பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தார். அந்த முகம் இன்னும் நினைவிருக்கிறது.

அதே ‘யா’வை ஹனோயில் ‘ஸா’ என்பார்கள். “ஸா, ச்சாவ் கோங் உவோங் ஆ” என்று நீ சொல்லியிருக்கலாம். ‘ச்சாவ்’ என்றால் பேரப்பிள்ளை, இல்லை உடன்பிறந்தவர் பிள்ளை; பெரியவர்களிடம் ‘நான்’ என்பதற்குப் பதில் சொல்வது. ‘உவோங்’ என்றால் குடிப்பது. கடைசியில் வரும் ‘ஆ’, ‘வேண்டாங்க’வில் நாம் சேர்க்கும் ‘ங்க’ மாதிரி.

ஆபீஸ் சிநேகிதர்களிடம் கற்றதாகச் சொன்னாயே, ‘தாவ் லாவ்’, ‘ஸாம்’, அதெல்லாம் தெற்கத்திப் பேச்சு. உளறல், வெட்டிப் பேச்சு என்று அர்த்தம். ஹனோய்க்காரர்கள் ‘வா வன்’ என்பார்கள். சம வயதுக்காரர்களுக்குள் பரவாயில்லை. சின்னப்பிள்ளைத்தனமாக நடப்பவர்களை ‘ட்ரே ட்ராவ்’ என்று கேலி செய்வார்கள். ‘ட்ராவ்’ என்றால் எருமை. உன்னை நான் திட்டியதும் அந்தப் பேர் சொல்லித்தானே!

ஆனால் ‘மத் ஸாய்’ மட்டும் விளையாட்டுக்குக்கூட உன் வாயில் வரக்கூடாது. ‘ஸாய்’ என்றால் கற்பிப்பது, ‘மத்’ என்றால் இழப்பது. வளர்ப்பு சரியில்லை என்று பெற்றவர்களையே சுடுகிற வசவு அது. யாரையும் அப்படிச் சொல்லாதே. உன்னை யாரும் அப்படிச் சொல்லும்படியும் வைத்துக்கொள்ளாதே, கண்ணு.

அடுத்த பார்சலில் முறுக்கு வருகிறது. அந்த அம்மாவுக்குத் தனி டப்பா வைத்திருக்கிறேன். ‘பாக்’, அதாவது பெரியம்மா, என்று கூப்பிட்டு, இரண்டு கையாலும் கொடு.

அம்மா