முறுக்கு விசையும் மூணு மட்டிப்பழமும்

நாகர்கோவில்
ஆடி 9

பிரியமுள்ள மக்கா,

உன் கடிதம் வெள்ளிக்கிழமை வந்தது. கையில் போன் இருக்கும்போது இன்லேண்டு வாங்கி எழுதுகிற ஆள் இந்தத் தெருவுக்கே நீ ஒருத்தன்தான் என்று தபால்காரர் சொல்லிவிட்டுப் போனார். என் கம்ப்யூட்டர் கடைப் பையனிடம் உன் எழுத்தைக் காட்டினேன். "அண்ணே, இது டாக்டர் சீட்டா?" என்று கேட்கிறான்.

இங்கே சாரலும் காற்றும் மாறி மாறி. போன வாரம் ஒரு கல்யாண வீட்டுக்காகத் தோவாளைக்குப் பூ எடுக்கப் போனவன், அப்படியே முப்பந்தல் வரை ஒரு எட்டுப் போய்விட்டு வந்தேன். ஆரல்வாய்மொழி தாண்டினதும் பஸ் சன்னலில் முகத்தை வைக்க முடியவில்லை. நீ வேலைக்காக ஏறி இறங்கின காற்றாலைக் காற்றாடிகள் எல்லாம் தலைதெறிக்கச் சுற்றிக்கொண்டு நிற்கின்றன. நீ குஜராத்துக் கட்ச் பாலைவனத்தில் உட்கார்ந்து என்ன காற்றைக் காண்கிறாயோ. அம்மைக்குக் கால்வலி தேவலை. உன்னைக் கேட்டாள். மைனியையும் கேட்டாள்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். உன் மகள் கம்ப்யூட்டர் சாமான் தனித்தனியாக வாங்கி அவளே அசெம்பிள் பண்ணப் போகிறாள், "ஒரு ஸ்க்ரூ டிரைவர் இருந்தா போதுமா லே" என்று கேட்டிருக்கிறாய். நாலு மாசம் முன்னால் கேட்டிருந்தால் "போதும்" என்று ஒரு சொல்லில் முடித்திருப்பேன். இந்த நாலு மாசத்தில் எனக்கே மரை கழன்ற கதை ஒன்று நடந்துவிட்டது.

மார்த்தாண்டம் பக்கம் கல்யாண வீடியோ எடிட்டிங் பண்ணுகிற ஒரு பையன், பெங்களூரில் செகண்ட் ஹாண்டாக த்ரெட்ரிப்பர் என்கிற ஒரு சிபியூவும் (கம்ப்யூட்டரின் மூளை) அதை மாட்டுகிற மதர்போர்டும் அட்டைப்பெட்டியோடு வாங்கிக்கொண்டு வந்தான். 2017-ல் ஏஎம்டி கம்பெனி இறக்கினதே, அந்த வகை. உள்ளங்கை அகலம் இருக்கும் சிபியூ. சாதாரண சிபியூ மாதிரி ஒரு கம்பியை அழுத்தி மாட்டுகிறது கிடையாது. மேலே ஒரு இரும்புச் சட்டம், அதில் மூன்று ஸ்க்ரூ, பக்கத்திலேயே 1, 2, 3 என்று நம்பர். பெட்டிக்குள் ஆரஞ்சு கைப்பிடி போட்ட ஒரு குட்டி டிரைவரும் இருந்தது. நான் அதைப் பார்த்துச் சிரித்தேன். "இருபத்தஞ்சு வருஷமா திருப்புளி பிடிக்கிற கைக்கு விளையாட்டுச் சாமான் அனுப்பியிருக்கான் பாரு" என்று பையனிடம் சொல்லி மேசை இழுப்பறையில் தூக்கிப் போட்டேன். என்னிடம் இருந்த டி20 என்கிற ஆறுமுனை நட்சத்திரப் பிட்டை எடுத்து மூன்றையும் "கைக்கணக்கில்" இறுக்கினேன்.

ஆன் பண்ணினால் ஓடுகிறது. ஆனால் பதினாறு ஜிபி வீதம் எட்டு மெமரி போட்ட இடத்தில், 128-க்குப் பதில் 96 காட்டுகிறது. இரண்டு மெமரி சேர்ந்த ஒரு சேனலே காணவில்லை. மெமரியை மாற்றிப் போட்டேன், அழிரப்பரால் தேய்த்தேன், போர்டை எழுப்புகிற பயாஸ் மென்பொருளை மாற்றினேன், போர்டைத் திட்டினேன். இரண்டு நாள். வெப்ராளத்தில் சாப்பாடு இறங்கவில்லை. விற்றவன் ஏமாற்றிவிட்டான் என்று எடிட்டிங் பையனிடம் சொல்லவும் சொல்லிவிட்டேன், அதுதான் இன்றைக்கும் வெட்கமாக இருக்கிறது.

மூன்றாம் நாள் கடைப் பையன் இழுப்பறையில் பேனா தேடும்போது அந்த ஆரஞ்சு டிரைவரை எடுத்து "அண்ணே, இதுல 1.5 என்எம்னு எழுதியிருக்கே, அது என்ன?" என்றான். சிபியூ மேல் உட்கார்ந்திருக்கிற கூலரைக் கழற்றினேன். ஸ்க்ரூவை அவிழ்க்கும் முன் சும்மா ஒரு சோதனை: எழுதியிருக்கிற அளவு முறுக்கு விசை வந்ததும் டிக் என்று விட்டுவிடுகிற அந்த டிரைவரை ஒவ்வொன்றிலும் வைத்து முறுக்கிப் பார்த்தேன். முதல் ஸ்க்ரூ கொஞ்சம் திரும்பி டிக் என்றது. இரண்டாவது அசையவே இல்லை, வைத்ததும் டிக். மூன்றாவது, மக்கா, கிட்டத்தட்ட அரைச் சுற்று போன பிறகுதான் டிக். மூன்றையும் ஒரே மாதிரி இறுக்கினேன் என்று கோயிலில் சத்தியம் பண்ணியிருப்பேன்.

காரணம் லேசானதுதான். அந்தச் சாக்கெட்டில் 4094 தொடுமுனைகள். ஒவ்வொன்றும் வளைந்த ஒரு குட்டி ஸ்பிரிங். சிபியூ மேலிருந்து சமமாக அழுத்தினால்தான் எல்லாம் தொடும். ஒரு மூலை மயிரிழை தூக்கி நின்றால் அந்தப் பக்கத்து முனைகள் தொடாது, மெமரிக்குப் போகிற பாதை அறுந்துவிடும். ஆன் ஆவதும் ஓடுவதும் மற்ற முனைகளின் புண்ணியம். 3, 2, 1 என்று பின்னாலிருந்து அவிழ்த்து, தூசி ஊதி, 1, 2, 3 என்று டிக் வரும் வரை முறுக்கினேன். 128.

எடிட்டிங் பையனுக்குப் போன் போட்டு "தப்பு என் மேலதான், விற்றவன் மேல இல்ல" என்று சொன்னேன். கூலி வாங்கவில்லை.

அன்றைக்கு ராத்திரி உன்னை நினைத்தேன். பன்னிரண்டாம் வகுப்பில் "முறுக்கு விசை என்றால் என்ன" என்று சார் கேட்டபோது நீ எழுந்து "அரிசி மாவு, உளுந்து மாவு" என்று ஆரம்பித்து முட்டி போட்டது ஞாபகம் இருக்கிறதா? அந்த 1.5 நியூட்டன் மீட்டரைக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஒரு மீட்டர் நீளக் கம்பின் முனையில் நூற்றைம்பது கிராம் தொங்கவிட்ட கனம். நம்ம ஊர்க் குட்டி வாழைப்பழம் மட்டியானால் மூணு. மூணு பழத்துக்கு உண்டான விசையை என் கை அளக்கத் தெரியாமல் நின்றிருக்கிறது. நீ காற்றாடிக் கோபுர அடியில் எம்36 போல்ட்டுக்கு (36 மில்லி கனம்) 2800 நியூட்டன் மீட்டர் என்று சொல்லுவாயே, ஹைட்ராலிக் ரெஞ்ச் வைத்து. அது ஒரு மீட்டர் முனையில் 285 கிலோ. உனக்குக் கையால் முடியாது என்பது தெரியும், அதனால் கருவியை நம்பினாய். எனக்குக் கையால் முடிந்தது. அதுதான் வினை.

இன்னொன்றும் நீ சொன்னதுதான், அப்போது காதில் விழவில்லை. முறுக்குகிற விசையில் பத்தில் ஒரு பங்குதான் போல்ட்டை இழுத்துப் பிடிக்கப் போகிறது, மிச்சம் ஒன்பது பங்கும் தலைக்கு அடியிலும் மரையிலும் உரசலுக்கே போய்விடுகிறது என்பாய். அப்படியானால் உரசல் கொஞ்சம் மாறினாலும் பிடிப்பு எக்கச்சக்கமாக மாறும். கை உணர்கிறது உரசலைத்தான், பிடிப்பை இல்லை. நம்ம கடற்கரையில் இது இன்னும் மோசம். குளச்சல், முட்டம் பக்கத்திலிருந்து வருகிற கம்ப்யூட்டர் கேபினட்டுகளைத் திறந்தால் ஸ்க்ரூ தலையில் துரு பூத்திருக்கும். துருப்பிடித்த மரையில் முறுக்கினால் "ஆகா, டைட்" என்று கைக்குத் தோன்றும், உள்ளே பிடிப்பே இருக்காது. போன மாசம் ஒரு மீன் ஏலக் கமிஷன்காரர் துரு போகட்டும் என்று எல்லா ஸ்க்ரூவுக்கும் தேங்காய் எண்ணெய் விட்டுக் கொண்டுவந்தார். அது நேர் எதிர். எண்ணெய் பட்ட மரையில் வழக்கமான கனத்தில் முறுக்கினால் பிடிப்பு அளவுக்கு மீறிப் போய் மரை சிலிப் ஆகிவிடும். நீங்கள் கோபுரப் போல்ட்டுக்குக் கறுப்புப் பசை தடவுவதும் அந்தப் பசைக்கென்று தனி எண் வைத்திருப்பதும் ஏன் என்று அன்றைக்குத்தான் எனக்கு விளங்கியது. எண்ணெய் போர்டில் ஒழுகி, எறும்பு வரிசையாக வந்து நின்றது வேறு கதை.

இனி மகளுக்கு. வீட்டுக் கம்ப்யூட்டருக்கு இப்படி டிக் அடிக்கிற டார்க் டிரைவர் வாங்கத் தேவையில்லை, காசைக் கரியாக்காதே. ஆனால் முனை சரியாக இருக்கட்டும். கேபினட், போர்டு, பவர் சப்ளை எல்லாவற்றுக்கும் பெரும்பாலும் பிஎச்2 என்கிற கூட்டல்குறி முனை. வீட்டில் கிடக்கிற சின்னக் கூட்டல்குறி டிரைவரை வைத்துத் திருப்பினால் நழுவும், நழுவி நழுவித் தலை தேய்ந்து குழியாகிவிடும். டேட்டா சேமிக்கிற எஸ்எஸ்டி, பட்டை மாதிரி வருகிற வகை, அதைப் பிடிக்கிற எம்2 (இரண்டு மில்லி) ஸ்க்ரூவுக்குச் சின்ன முனை. பிறகு ஒரு 5 மில்லி நட்டு டிரைவர், போர்டுக்கு அடியில் நிற்கிற பித்தளைத் தண்டுகளுக்கு. அதை யாரும் வாங்குவதில்லை, விரலால் திருகிவிட்டு விடுகிறார்கள். அடுத்த வருஷம் போர்டைக் கழற்றும்போது ஸ்க்ரூவோடு சேர்ந்து தண்டும் சுற்றிக்கொண்டே வரும். கீழே லூஸ், மேலே டைட். அப்போது அந்தச் சவத்தை மூக்குக்குறடு விட்டுப் பிடிக்கப் படுகிற பாடு எனக்குத் தெரியும்.

ஸ்க்ரூக்களைக் கலக்க விடாதே. கம்ப்யூட்டருக்குள் முக்கியமாக இரண்டு இனம் உண்டு. ஒன்று இஞ்ச் கணக்கு, 6-32 என்பார்கள்: மூன்றரை மில்லி கனம், ஒரு இஞ்சுக்கு 32 மரை. மற்றது எம்3: மூன்று மில்லி, மரை நெருக்கமாக, அரை மில்லிக்கு ஒன்று. பெரிய ஹார்டு டிஸ்குக்கு முதலாவது, டப்பா மாதிரி வருகிற சின்ன எஸ்எஸ்டிக்கு இரண்டாவது. போர்டுத் தண்டுகளில் இரண்டு வகையும் வரும். மாறிப் போனால் கனத்தது நுழைய மறுக்கும், மறுத்ததும் நாம் பலத்தைக் காட்டுவோம், மரை போய்விடும். என் கடையில் எல்லாம் ஒரே ஊறுகாய் பாட்டிலில் கிடந்தது. இப்போது இரண்டு பாட்டில். ஹார்டு டிஸ்க் கையேட்டிலேயே 6 இஞ்ச்-பவுண்டுக்கு மேல் முறுக்காதே என்று போட்டிருப்பான். முக்கால் நியூட்டன் மீட்டர்கூட வராது. மேற்படி கணக்கில் ஒன்றரை மட்டிப்பழம்.

ஒரு வித்தை சொல்லிக் கொடு. ஸ்க்ரூவை வைத்ததும் முதலில் பின்பக்கமாகத் திருப்பச் சொல். மரையின் வாய் வந்ததும் டக் என்று ஒரு சின்ன இறக்கம் கைக்குத் தெரியும். அங்கேயிருந்து முன்பக்கம். முதல் இரண்டு சுற்று விரலால்தான், பைய. கடைசி இறுக்கத்துக்குக் கைப்பிடியை உள்ளங்கையால் பொத்திப் பிடிக்கக் கூடாது, பெருவிரலும் இரண்டு விரலும் போதும். முஷ்டி பிடித்தால் ரப்பர் மரம் வெட்டுகிற கத்தியைப் பிடிக்கிற மாதிரி பலம் ஏறிவிடும்.

கூலர் மாட்டும்போது உன் வேலையேதான்: ஒரு மூலை இரண்டு சுற்று, எதிர் மூலை இரண்டு சுற்று. ஒரே மூலையை முழுசாக இறுக்கிவிட்டு அடுத்ததற்குப் போனால் கூலர் சாய்ந்து உட்காரும், நடுவில் தடவின சூடு கடத்துகிற பசை ஒரு பக்கம் பிதுங்கும். ஸ்பிரிங் வைத்த ஸ்க்ரூ என்றால் அடியில் போய் முட்டி நிற்கும். நின்றால் நின்றதுதான், அதற்கு மேல் "ஒரு சின்ன கால் சுற்று" வேண்டாம். அந்தக் கால் சுற்றில்தான் போர்டு வளைகிறது.

எலக்ட்ரிக் டிரைவர் மட்டும் கையில் கொடுக்காதே. என் கடைப் பையன் மரவேலைக்காரர் வைத்திருக்கிற பேட்டரி டிரைவரைக் கொண்டுவந்து ஒரு நாள் போர்டில் விட்டான். ஒரு விர்ர், பித்தளைத் தண்டின் கழுத்து ஒடிந்து பாதி தட்டிலேயே மாட்டிக்கொண்டது. அவனைத் திட்ட வாய் வரவில்லை. ஆரஞ்சு டிரைவரை நக்கல் பண்ணினவன்தானே நான்.

தலை தேய்ந்த ஸ்க்ரூ வந்தால் அகலமான ரப்பர் பேண்டை முனைக்கும் தலைக்கும் நடுவே வைத்து அழுத்தித் திருப்பச் சொல், பாதிக்குப் பாதி வந்துவிடும். நம்ம மாவட்டத்து ரப்பருக்கு இப்படியும் ஒரு பிழைப்பு. வராவிட்டால் வால்வு கிரைண்டிங் பேஸ்ட் கொஞ்சம் முனையில் தொட்டு வை, மணல் மாதிரி பிடித்துக்கொள்ளும். உன் ஒர்க்ஷாப்பில் கட்டாயம் கிடக்கும்.

நீ ஒன்று எனக்குச் சொல்ல வேண்டும். நானும் ஆசைக்கு ஒரு டார்க் டிரைவர் வாங்கிவிட்டேன், எண் மாற்றி வைக்கிற வகை. வேலை முடிந்ததும் எண்ணைக் கடைசிக்கு இறக்கி வைக்கிறேன், ஸ்பிரிங் களைத்துப் போகாமல் இருக்க. வருஷத்துக்கு ஒரு தரம், இல்லாவிட்டால் 5000 டிக்குக்கு ஒரு தரம் சோதிக்க வேண்டும் என்பது தெரியும். ஆனால் நாகர்கோவிலில் எங்கே கொடுத்துச் சோதிப்பது? உங்கள் கம்பெனி ரெஞ்சுகள் போகிற இடத்துக்கு என்னுடையதையும் ஒளித்து அனுப்ப முடியுமா பார்.

மகளுக்கு என் பழைய பிஎச்2 டிரைவரை, நீளத் தண்டு உள்ளது, நாளைக் கொரியரில் அனுப்புகிறேன். கூடவே நட்டு டிரைவரும், இரண்டு குட்டி டப்பாவில் இரண்டு இன ஸ்க்ரூவும். டப்பா மூடியில் எழுதியிருக்கிறேன், உன் எழுத்து மாதிரி இல்லை, படிக்க வரும். மட்டிப்பழமும் வைக்கச் சொல்லி அம்மை நிற்கிறாள். கட்ச் போய்ச் சேருகிறபோது அது சாறாகத்தான் இருக்கும் என்று சொல்லிப் பார்த்துவிட்டேன், கேட்கிற மாதிரி இல்லை. டப்பா ஈரமாக வந்தால் ஸ்க்ரூவைத் துடைத்துக் காயவைத்துவிட்டுக் கொடு.

இப்படிக்கு,
உன் கடைசி பெஞ்சுக்காரன்