முன்னுரிமைப் பட்டியல்

அன்புள்ள நண்பனுக்கு,

இங்கே எல்லாரும் நலம். உன் நலத்தை வாத்தியார் சொல்லித் தெரிந்துகொண்டேன், நீயாக எழுதினால்தானே!

ரெயில்ஸ் என்ற கட்டமைப்பில் எழுதிய ஒரு இணையதளத்தை வேகப்படுத்தச் சொல்லி என்னிடம் தந்தார்கள். திறந்து பார்த்தால், எழுத்துரு, ஸ்கிரிப்ட், பக்கத்தின் அடியில் கிடக்கும் படம் என்று கண்ணில் பட்டதற்கெல்லாம் பிரீலோட், அதாவது 'இதை முன்கூட்டியே இறக்கிவை' என்று பிரௌசருக்கு உத்தரவு! இணைப்பின் அகலம் என்னவோ அதேதான். அடியில் கிடக்கும் படங்கள் முந்திக்கொள்ள, முகப்புப் படம் காத்துக் கிடக்கிறது.

இதைவிடக் கொடுமை, ஒரே எழுத்துரு இரண்டு முறை இறங்கிக்கொண்டிருந்தது. சொந்த சர்வரில் இருந்தாலும் எழுத்துருவை பிரௌசர் கிராஸ்ஆரிஜின் முறையில்தான், வேறு தளத்திலிருந்து கேட்பதுபோல, கேட்கும். பிரீலோட் வரியில் 'கிராஸ்ஆரிஜின்' என்ற சொல் விடுபட்டால், முன்பே இறக்கியதை ஒதுக்கிவிட்டு மறுபடி இறக்கும். 'பிரீலோட் செய்தாய், பயன்படுத்தவில்லையே' என்று கன்சோலில் குரோம் புலம்பிக்கொண்டே இருக்கிறது. யார் காதில் விழுகிறது?

பாதிக்கு மேல் நீக்கினேன். பக்கம் சட்டென்று திறந்தது. தலைப்பு எழுத்துருவை மட்டும் விட்டுவைத்தேன். அது பக்கத்தின் தோற்றத்தைச் சொல்லும் சிஎஸ்எஸ்ஸுக்குள் ஒளிந்திருப்பதால், அந்தக் கோப்பு இறங்கும்வரை பிரௌசருக்கு அதன் வாடையே தெரியாது. பிரீலோட் இருப்பதே இப்படிப்பட்டவற்றுக்காகத்தான்.

ரெயில்ஸும் தன் பங்குக்கு உதவுகிறது. 6.1 பதிப்பு முதல் ஸ்டைல்ஷீட், ஸ்கிரிப்ட் கோப்புகளுக்கான பிரீலோடை லிங்க் ஹெட்டரில், அதாவது பக்கத்துக்கு முன்னால் போகும் குறிப்பில், தானே சேர்த்து அனுப்பிவிடும். பழைய பதிப்புகளில் கோப்புகள் பெருகினால் ஹெட்டர் வீங்கி, முன்னால் நிற்கும் என்ஜின்எக்ஸ் என்ற இடைநிலை சர்வர் 502 என்ற பிழையைக் காட்டிக் கைவிரித்துவிடும். அதைத் தெரிந்துகொள்ளாமல் சர்வரைக் குறை சொல்வார்கள்.

ஆமாம், பிரௌசர் கேட்கும் முன்பே சர்வர் கோப்புகளைத் தள்ளிவிடும் சர்வர் புஷ்தான் எதிர்காலம் என்று மல்லுக்கு நின்றாயே? குரோம் 2022இல், 106ஆம் பதிப்போடு அதைக் கழற்றிவிட்டது. பிரௌசரிடம் ஏற்கெனவே இருப்பதையும் தள்ளிக்கொண்டிருந்தால் யார் பொறுப்பார்கள்? அதற்கு 103 ஏர்லி ஹின்ட்ஸ் என்ற முன்னறிவிப்பு எவ்வளவோ மேல். சர்வர் பக்கத்தைத் தயாரிக்கும்போதே 'இன்னின்ன தேவைப்படும்' என்று சொல்லிவிடுகிறது. இல்லாததை மட்டும் பிரௌசர் கேட்டுக்கொள்கிறது. வாத்தியார் அன்றைக்கே சொன்னார். நீதான் சிரித்தாய்.

அவருக்குக் கண் அறுவை சிகிச்சைக்கு நாள் குறித்திருக்கிறார்கள். என்னிடம் தைரியமாகத்தான் பேசுகிறார், எனக்கு நம்பிக்கையில்லை. உன்னிடம் மறைக்க மாட்டார், இந்த வாரமே பேசிவிடு.

பதில் போடு. ஹெட்டரை மட்டும் அனுப்பி ஏமாற்றாதே.

உன் பழைய அறைத்தோழன்